அண்ணாச்சிக்கு ஒரு சாக்ஸபோன்

பி.காம். படித்தவனிடம் வருமான வரி கேட்பார்கள். பேங்க் லோன் கேட்பார்கள். பணத்தைப் போஸ்ட் ஆபீஸில் போடலாமா, தங்கமாக வாங்கி வைக்கலாமா என்று கேட்பார்கள். ‘எந்த சாக்ஸபோன் வாங்கலாம்?’ என்று என்னிடம் கேட்ட முதல் ஆள், புளியறை அண்ணாச்சிதான்.

“தம்பி, பத்திரிகைக்காரகளுக்குத் தெரியாதது உண்டுமா? நாலு பேர்ட்ட விசாரிச்சுச் சொல்லுங்க. அறுபதாயிரம் ஒதுக்கி வச்சிருக்கேன். அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது. உங்க மதினிக்கு இன்னும் தெரியாது, பாத்துக்கிடுங்க.”

அண்ணாச்சி முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தென்காசி, செங்கோட்டை, புளியறை, ஆரியங்காவு, புனலூர் என்று பாதி சர்வீஸ் மலையிலேயே கழிந்தது. செங்கோட்டை-புனலூர் மீட்டர்கேஜ் ரயில் 1904-ல் வந்தது. 2010-ல் அதை நிறுத்தினார்கள். அகலப்பாதை முழுதாகத் திறந்தது 2018-ல். “நடுவுல அந்த எட்டு வருசமும் கணவாய்க்கு நான்தாம்லா ரயிலு!” என்பார். உதட்டில் எப்போதும் விசில். ஒத்தை விசில் நிறுத்து, ரெட்டை விசில் போ. ‘ஆயுசு பூரா ரெண்டே ராகம் ஊதியாச்சு, மூணாவதா ஒண்ணு ஊதிப் பாப்பமே’ என்பது அவர் கட்சி.

புளியறையைப் பலருக்கு செக்போஸ்ட்டாகத்தான் தெரியும். கேரளா போகிற லாரிகள் வரிசையில் நிற்கும் ஊர். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு, இருபத்தேழு படி ஏறிப் பார்க்கிற தட்சிணாமூர்த்தி. எனக்கு வயல். பச்சை வயல் முடிகிற இடத்தில் சுவர் வைத்த மாதிரி மலை எழும்பி நிற்கும். ஜூனில் மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டினால், இந்தப் பக்கம் சாரல் தூவும். குற்றாலத்துக்குக் கூட்டம் வரும். இந்தச் சாரலுக்கும் சாக்ஸபோனுக்கும் ஒரு தகராறு உண்டு. பிறகு சொல்கிறேன்.

ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நான் நினைத்த பதில்தான். 1994-ல் வந்த ‘டூயட்’. பாலசந்தர் படம், ரஹ்மான் இசை, திரையில் பிரபு, திரைக்குப் பின்னால் கத்ரி கோபால்நாத். தமிழ்நாட்டில் அந்த வருஷத்துக்குப் பிறகு சாக்ஸபோன் மேல் ஆசைப்பட்ட ஆண்களில் பாதிப் பேருக்கு நோய்க் கிருமி அந்தப் படம்தான். ஆனால் அண்ணாச்சிக்கு அதற்கு முன்னாலேயே ஒரு நோய் இருந்தது. காருகுறிச்சி அருணாசலம். திருநெல்வேலிச் சீமையில் ஒரு காலத்தில் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் செட் காருகுறிச்சியில்தான் கண் விழிக்கும். 1964-ல் நாற்பது சொச்சம் வயதிலேயே போய்விட்டவர், ‘கொஞ்சும் சலங்கை’யில் வாசித்ததன் மூலம் நாயனமே கேட்காத வீட்டுக்குள்ளும் புகுந்தவர். அண்ணாச்சி அவரைக் கேட்டு வளர்ந்த காது.

இந்த இரண்டு நோயும் ஒரே நோய்தான் என்பது விசாரித்தபோதுதான் புரிந்தது. கத்ரி கோபால்நாத்தின் அப்பா நாதஸ்வரக்காரர். மகனும் முதலில் அதைத்தான் கற்றுக்கொண்டார். பிறகு மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன் பின்னாலேயே போனார். மங்களூரிலும் பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் கற்று, கர்னாடக சங்கீத மேடைக்கு அதைக் கொண்டு வந்தார். 2004-ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் மறைந்தார்.

நாயனத்துக்கும் சாக்ஸுக்கும் என்ன உறவு? ஒன்று மரம், ஒன்று பித்தளை. ஆனாலும் சாக்ஸபோனை இசைக்காரர்கள் மரக்காற்றுக் கருவிகளின் வரிசையில்தான் உட்கார வைக்கிறார்கள். உடம்பு உலோகமாக இருந்தாலும் சத்தம் பிறப்பது நாணல் வகைத் தட்டை ஒன்றின் துடிப்பில்தான். நாதஸ்வரத்தில் சீவாளி இரட்டைத் தட்டை, சாக்ஸில் ஒற்றை. அதை ரீடு என்கிறார்கள். இரண்டுக்கும் குழாய், ஊதுகிற பக்கம் சிறுத்து வாய்ப் பக்கம் விரிந்துகொண்டே போகும். அதனால் காற்றை மாற்றி ஊதினால் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே எழும்பும். பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரீஸில் பேடன்ட் வாங்கிய கருவிக்கு, நம்ம ஊர் மேளக்காரர் வீட்டில் ஒரு பெரியப்பா மகன் இருந்திருக்கிறான்!

வித்தியாசமும் பெரியது. நாயனத்தில் விரல் நேராகத் துளை மேல். பாதி மூடலாம், கால்வாசி திறக்கலாம், வழுக்கலாம். கமகம் அங்கேதான் குடியிருக்கிறது. சாக்ஸில் விரலுக்கும் துளைக்கும் நடுவில் சாவியும் தோல் மூடியும் இருக்கின்றன. திறந்தால் முழுசாகத் திற, மூடினால் முழுசாக மூடு. வழுக்கலை எல்லாம் உதடும் தாடையும் தொண்டையும்தான் செய்ய வேண்டும். கத்ரி செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

சரி, அண்ணாச்சிக்கு எது?

முதலில் அவர் மனசு சோப்ரானோவில் நின்றது. நீளமாக, நேராக, பார்க்க நாயனம் மாதிரியே இருக்கும். விசாரித்த இடமெல்லாம் தலையை ஆட்டினார்கள். அது சின்னக் கருவி, ஆனால் சுருதியில் நிற்க வைப்பது கஷ்டம். உதடு ஒரு மயிரிழை அசைந்தால் ஸ்வரம் ஊரை விட்டே போய்விடும். பழகிய உதட்டுக்குத்தான் அது அடங்கும். டெனார் கனம். மூன்றரைக் கிலோ பக்கம் வரும், மூச்சும் நிறையக் கேட்கும். ஆல்டோ இரண்டரைக் கிலோ. கைக்கு அடக்கம். கத்ரி வாசித்ததும் ஆல்டோதான். இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. ஆல்டோவில் ‘சி’ என்று விரல் வைத்து ஊதினால் கேட்பது ஈ ஃப்ளாட். நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. பாரி நாயனத்தின் சுருதியும் ஏறத்தாழ அந்தப் பக்கம்தான்.

“அப்ப காருகுறிச்சி கேட்ட காதுக்கு அந்நியமா இருக்காதுன்னு சொல்லுங்க” என்றார். ஆல்டோ என்று முடிவானது. இதற்கு ஐந்து நிமிஷம்.

அடுத்ததற்கு ஐந்து வாரம். எவ்வளவு விலையில்?

இங்கேதான் எல்லோருக்கும் ஒரே அட்வைஸ். ‘முதல்ல சும்மா ஒரு சீப்பான பீஸ் வாங்குங்க. கை வந்தா நல்லதா மாத்திக்கலாம். வராட்டி போகுது, நஷ்டம் கம்மி.’ கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நானே ஒரு கணக்குப் பிள்ளை என்பதால் இன்னும் நியாயமாகப் பட்டது. ஆன்லைனில் இருபதாயிரத்துக்குப் பளபளவென்று புது சாக்ஸ் கிடைக்கிறது. கம்பெனிப் பேரைப் போன மாசம்தான் வைத்திருப்பார்கள் போலிருக்கும். பெட்டி, பெல்ட், கையுறை எல்லாம் சேர்த்து! கையுறை எதற்கு? தெரியாது. பார்க்க ஜோர்.

அண்ணாச்சியின் மச்சினன் மகன் ஒருவன் 2020 லாக்டவுனில் அப்படி ஒன்று வாங்கி, பத்து நாள் ஊதி, பரணில் போட்டிருந்தான். “வாங்கறதுக்கு முன்ன இதுல பழகிப் பாருங்க மாமா” என்று இறக்கிக் கொடுத்துவிட்டான். அண்ணாச்சி அதை வயல் பம்ப்செட் ரூமுக்குக் கொண்டுபோய், ஒரு வாரம் யாருக்கும் தெரியாமல் ஊதினார். யூடியூபைப் பார்த்து வாய் வைத்தார், விரல் வைத்தார். மேல் ஸ்வரங்கள் நாலு எப்படியோ வந்தன. கீழே இறங்க இறங்க ஒன்று கிறீச்சிட்டது, இல்லை வெறும் காற்று.

எட்டாம் நாள் போன் வந்தது. குரலில் பழைய கண்டக்டர் இல்லை.

“தம்பி, அந்த சாக்ஸபோன் விசயத்தை விட்ருவோம்.”

“ஏன் அண்ணாச்சி?”

“மூச்சு பத்தலை. அறுபது ஆச்சுல்லா. சின்ன வயசுல செஞ்சிருக்கணும். இப்பப் போயி... மதினி கேட்டா சிரிப்பா. சவத்த விடுங்க.”

அந்த ‘சவத்த விடுங்க’வில் நான் கொஞ்சம் பயந்துதான் போனேன். ஒரு மனிதர் தன் உடம்பைப் பற்றி ஒரு தீர்ப்புக்கு வந்துவிட்டார். இனி மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினாலும் இந்த ஒரு வாரம் நினைவுக்கு வரும். அறுபது வயதில் ஒருவர் ‘எனக்கு முடியாது’ என்று எழுதிக்கொண்டால், அதை அழிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

நான் ஊருக்குப் போவதற்குக் காத்திருந்த இடைவெளியில், பாளையங்கோட்டையில் பழைய ஆல்டோ ஒன்று விற்பனைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. சர்ச் பேண்டில் வாசித்த ஒரு பெரியவருடையது. அவர் காலமாகிவிட்டார், மகன் விற்கிறார். யமஹா ஒய்.ஏ.எஸ்-23. உலகம் முழுக்க பள்ளிக்கூடப் பிள்ளைகள் பழகிய மாடல், இப்போது வருவதில்லை. அவர்களின் இப்போதைய ஆரம்பப் பயிற்சி மாடலான 280 புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தொடும். மகன் சொன்ன விலை ஐம்பதாயிரம்.

பழையதைப் பார்க்க விவரம் தெரிந்த ஆள் வேண்டும். அண்ணாச்சிக்கு முப்பது வருஷ பஸ் பழக்கத்தில் கிடைத்தவர், புனலூர்ப் பக்கத்து பேண்ட் மாஸ்டர் ஒருவர். கல்யாணம், கோயில் உற்சவம் என்று ஊர் ஊராக சாக்ஸ் வாசித்தவர். “டிக்கட் எடுக்காம ஒரு நாளும் வந்ததில்ல, அதனால நம்பலாம்” என்பது அண்ணாச்சி கொடுத்த சர்ட்டிபிகேட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாரல் நாள். அண்ணாச்சி வீட்டு முன்னறையில் பெட்டி இரண்டையும் வைத்தோம். மதினிக்கு விஷயம் அதற்குள் தெரிந்துவிட்டது. “பேரன் எடுத்த வயசுல இவுகளுக்குப் பீப்பி கேக்குது தம்பி” என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் காபி வைத்துவிட்டு, கதவோரமாக நின்றுகொண்டார்.

மாஸ்டர் முதலில் எடுத்தது பரணிலிருந்து இறங்கியதை. புதுசு போலத்தான் மின்னியது. தன் சொந்த மவுத்பீஸை மாட்டினார். இதை நான் குறித்துக்கொண்டேன். வாயில் வைக்கிற பகுதி அவருக்குப் பழகியதாக இருந்தால், கேட்கிற குறையெல்லாம் உடம்பினுடையது. ஊதினார். மேலே இருந்து இறங்கினார். சி, பி, ஏ, ஜி... டி-க்கு வரும்போது குரல் கரகரத்தது. கீழ் சி-யில் கிறீச். நாற்பது வருஷம் ஊதின மனிதரின் வாயிலும் அதே கிறீச்! இன்னொரு தடவை ஊதினார். விரலை நசுக்கி நசுக்கி அழுத்தினார். அப்போது மட்டும் ஏதோ ஒரு முனகல்.

சாக்ஸை இறக்கி வைத்தார். “இது ஊதான் பற்றில்ல சாரே. இதுல ஆரு ஊதினாலும் வராது.”

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

“மாஸ்டரே... அப்ப மூச்சு?”

“மூச்சுக்கு என்ன? லீக் இதுக்கு. உங்களுக்கு இல்ல.”

அண்ணாச்சி மதினியைத் திரும்பிப் பார்த்தார். மதினி தரையைப் பார்த்தார். ஒரு வாரமாக வீட்டில் என்ன பேச்சு ஓடியிருக்கும் என்று எனக்கு விளங்கியது.

மாஸ்டர் காட்டினார். ஜன்னலைச் சாத்தச் சொல்லி, செல்போன் டார்ச்சைக் குழாயின் வாய் வழியாக உள்ளே விட்டு, சாவிகளை லேசாக மூடினார். மூடியைச் சுற்றி அங்கங்கே வெளிச்சம் கசிந்தது. வெளிச்சம் கசிகிற இடத்தில் காற்றும் கசியும். சாக்ஸில் இருபதுக்கு மேல் துளைகள். கீழ் ஸ்வரம் வர வேண்டுமானால் ஏறத்தாழ அத்தனையும் ஒரே நேரத்தில் இறுக மூடியிருக்க வேண்டும். மேலே ஒரு மூடி காகித கனத்துக்குத் தூக்கியிருந்தாலும் கீழே பேச்சு வராது. அண்ணாச்சிக்கு மேலே நாலு ஸ்வரம் மட்டும் வந்த ரகசியம் அதுதான். ‘சரி பண்ண முடியாதா?’ என்றேன். ஒரு சாவிக் கம்பியைக் கட்டை விரலால் லேசாகத் தள்ளிக் காட்டினார். வளைந்தது. இன்று சரிசெய்தால் இந்த இளகின கம்பி அடுத்த மாசம் மறுபடி வளையும் என்றார்.

ஆரம்பக்காரருக்கு மட்டமான கருவி போதும் என்பது எவ்வளவு தலைகீழான யோசனை என்று அப்போதுதான் தோன்றியது. தேர்ந்தவருக்குக் கருவி மேல் தப்பா, தன் மேல் தப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியும். மாஸ்டருக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. அண்ணாச்சி ஒரு வாரம் ஊதி, பழியைத் தன் நுரையீரல் மேல் போட்டுக்கொண்டார். மச்சினன் மகன் பத்து நாளில் பரணில் போட்டதும் இதே கதையாகத்தான் இருக்கும். பையனுக்கு வயசைக் காரணம் சொல்ல முடியாததால் ‘எனக்கு ம்யூசிக் வராது’ என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜாஸ் ரசிகர்கள் இந்த இடத்தில் சார்லி பார்க்கரை இழுப்பார்கள். 1953 மே 15, கனடாவில் டொராண்டோ மாஸி ஹால் கச்சேரி. ஆல்டோ சாக்ஸின் பெரிய சாமி அன்று வாசித்தது கிராஃப்டன் என்கிற பிளாஸ்டிக் சாக்ஸில். அடுத்த வருஷம் ஆர்னெட் கோல்மன், பித்தளைக்குக் காசில்லாமல் அதே பிளாஸ்டிக்கை வாங்கி, அதிலேயே ஜாஸைத் தலைகீழாகப் புரட்டினார். ‘பாத்தீங்களா, கருவியில என்ன இருக்கு?’ என்பார்கள். ஐயா, பார்க்கர் ஊதினால் பிளாஸ்டிக்கும் பேசும். நமக்கல்லவா பேசத் தெரியாது! கிராஃப்டன் ஒன்றும் ஏமாற்றுச் சரக்கு இல்லை என்பது வேறு விஷயம். யோசித்துச் செய்த கருவி, பிளாஸ்டிக்கில் செய்தார்கள், அவ்வளவே. பார்க்கர் வாசித்தது இப்போது அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி ஜாஸ் மியூசியத்தில் இருக்கிறது.

அடுத்து பாளையங்கோட்டைப் பெட்டி. திறந்ததும் பழைய பைபிள் புஸ்தக வாசனை. பொன் பூச்சு பாதி போய், கை படுகிற இடமெல்லாம் பழுப்பு. மகனுக்கே கொஞ்சம் கூச்சம். “பாலீஷ் போட்டுக் கொண்டு வந்திருக்கலாம் சார்” என்றார். மாஸ்டர், “போடாம இருந்ததே நல்லது” என்றார். பூச்சு போனால் சத்தத்துக்கு ஒன்றும் ஆகாது. பாலீஷ் பழைய பற்றவைப்புகளை மறைத்துவிடும்.

அவர் பார்த்ததெல்லாம் வேறு இடங்கள். மேல் கழுத்து வளைவு கீழ்நோக்கி அமுங்கியிருக்கிறதா. கழுத்து உடம்பில் சேர்கிற இடம் ஆடுகிறதா. குழாயை நீளவாக்கில் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், மாட்டுத் தரகர் முதுகுத் தண்டு பார்க்கிற மாதிரி. சாவிகளைப் பக்கவாட்டில் அசைத்தார். கீழே வாய் ஓரத்தில் ஒரு நசுங்கல். “இது போட்டே. இங்க நசுங்கினா பாதகமில்ல, மேல நசுங்கினா எடுக்கக் கூடாது.” டார்ச் விட்டதில் மூன்று மூடிகளில் வெளிச்சம் தெரிந்தது. தோல் பழசாகி விறைத்திருந்தது.

பிறகு ஊதினார். மேலே இருந்து கீழ் பி ஃப்ளாட் வரைக்கும் தடுக்காமல் இறங்கியது. கடைசி இரண்டு ஸ்வரத்தில் மட்டும் கொஞ்சம் கனைப்பு. போனில் தம்பூரா போட்டுக்கொண்டு மத்யம ஸட்ஜம், மேல் ஸட்ஜம், நடுவில் பஞ்சமம் என்று சோதித்தார். ஒட்டி நின்றது. அப்புறம் சோதனையை மறந்து மோகனத்தில் நாலு வரி வாசித்தார். பெரியவரின் மகன் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். அப்பா போன பிறகு அதன் சத்தம் இப்போதுதான் கேட்கிறதாம்.

“நீங்க ஊதுங்க” என்று அண்ணாச்சியிடம் நீட்டினார் மாஸ்டர். தன் மவுத்பீஸைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டி, “ஜி மட்டும். மூணு விரல். கன்னம் வீங்கண்டா” என்றார். அண்ணாச்சி ஊதினார். அகலமாக ஒரு ஜி வந்தது. அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். லாரி ஹாரனுக்குப் பக்கத்து வீடு. ஆனால் அது நின்றது. எட்டு எண்ணுகிற வரைக்கும் நின்றது. அறுபது வயசு மூச்சு!

பேரம் பேசுகிற மனநிலையில் யாருமில்லை. மூடிகளை மாற்றுகிற செலவைச் சொன்னதும் மகனே நாற்பத்திரண்டாயிரத்துக்கு இறங்கினார். அங்கே என் பி.காம். மூளைக்கு வேலை வந்தது. கொல்லத்தில் மூடி மாற்ற ஒன்பதாயிரம். ஐம்பத்தோராயிரம் ஆயிற்று. பெரியவரின் மவுத்பீஸ் பல் தடத்தில் தேய்ந்திருந்ததால் புதிதாக யமஹா 4சி ஒன்று. மாஸ்டர் முதல் எல்லோரும் ஆரம்பக்காரருக்கு அதைத்தான் சொன்னார்கள். இரண்டாம் நம்பர் ரீடு பத்து கொண்ட ஒரு பெட்டி. மூன்றாம் நம்பரெல்லாம் உதடு இறுகின பிறகு. தோள்பட்டை இரண்டிலும் மாட்டுகிற பெல்ட். கழுத்தில் மட்டும் தொங்கவிட்டால் இரண்டரைக் கிலோவும் பிடரியில் உட்காரும். இருபது வயசுக்காரன் தாங்குவான், தேய்மானம் உள்ள கழுத்து தாங்காது. எல்லாம் சேர்த்து எட்டாயிரம். ஐம்பத்தொன்பதாயிரம். மீதி ஆயிரத்தில் மாஸ்டருக்கு வேட்டி துண்டு.

தேய்மானம் என்றதும் ஞாபகம் வருகிறது. புதுசு இருபதாயிரத்தைக் கணக்கில் எழுதினால், பெட்டியைப் பிரித்த அன்றே பாதி மதிப்பு போய்விடும். ஒரு வருஷம் கழித்து அது பித்தளை எடைக்கு. பழைய யமஹாவின் விலை இறங்க வேண்டியதெல்லாம் அந்தப் பெரியவர் காலத்திலேயே இறங்கி முடிந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து அண்ணாச்சிக்கு ஆசை தீர்ந்துவிட்டால், கொடுத்த காசில் பெரும்பகுதி திரும்பி வரும். மதினிக்கு நான் விளக்கிச் சொன்ன ஒரே சங்கீத விஷயம் இதுதான். “அப்ப இது நகை மாதிரியா தம்பி?” என்றார். கிட்டத்தட்ட என்றேன். கொஞ்சம் அதிகப்படிதான். இருக்கட்டும்.

உடம்பு விஷயத்தில் இரண்டு சங்கதி. அண்ணாச்சிக்கு மேல் முன்பல் இரண்டும் கட்டினது. சாக்ஸில் மேல்பல் மவுத்பீஸ் மேல் உட்கார்ந்துதான் பிடிக்கும், கீழ்ப்பல்லை உதடு மூடிக்கொள்ளும். கட்டின பல் அதிர்வு தாங்குமா? தென்காசியில் பல் டாக்டரிடம் மவுத்பீஸையே கொண்டுபோய்க் காட்டி, தாங்கும் என்று கேட்டுக்கொண்டு வந்தார். பல் படுகிற இடத்தில் ஒட்டுவதற்கு மெல்லிய ரப்பர்த் துண்டு விற்கிறது, பத்து நிமிஷ வேலை. கண்ணில் அழுத்தம் உள்ளவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள் ஊதுகிற கருவி வாங்கும் முன் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

இனி சாரல். சாக்ஸின் மூடிகள் கம்பளி மேல் தோல் போர்த்தியவை. ஊதுகிறவரின் எச்சிலும் நீராவியும் போதாதென்று, புளியறையில் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை காற்றே நனைந்துதான் இருக்கும். தோல் ஊறும், ஒட்டும், பூஞ்சை பிடிக்கும். ஊதி முடித்ததும் நூலில் கட்டின துணியைக் குழாய்க்குள் விட்டு இழுக்க வேண்டும், பெட்டியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட வேண்டும், ரீடைக் கழற்றித் தட்டையாகக் காய வைக்க வேண்டும். இதையெல்லாம் கண்டக்டர் இன்வாய்ஸ் எழுதுகிற ஒழுங்கோடு செய்கிறார். அப்படியும் ‘ஜி ஷார்ப்’ சாவி ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. அது எப்போதும் மூடியே இருந்து, அழுத்தினால் மட்டும் திறக்கிற சாவி. அதனால் ஈரத்தில் முதலில் ஒட்டுவது அதுதான் என்கிறார்கள். போனில் மாஸ்டர் வைத்தியம் சொன்னார். மூடிக்கு அடியில் மெல்லிய காகிதத்தை வைத்து, லேசாக மூடி, மெதுவாக உருவு. உருவினார். சரியாகிவிட்டது. அடுத்த வாரம் மறுபடி ஒட்டியது, மறுபடி உருவினார்.

பாடம் வியாழக்கிழமைகளில். ஊரில் குரு ஸ்தலம் இருக்கும்போது வேறு கிழமை எதற்கு? ஆனால் தட்சிணாமூர்த்தி மௌனமாகவே சொல்லிக்கொடுக்கிறவர். சாக்ஸுக்கு அது சரிப்படாது என்பதால், மாஸ்டர் மாசம் இரண்டு தடவை மலையைத் தாண்டி வருகிறார், மற்ற வியாழன் வீடியோ காலில். ஸரளி வரிசை முடிந்து ஜண்டை ஓடுகிறது. சாதகம் அதே பம்ப்செட் ரூமில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கிறபோது வயலில் நிற்கிறவர்கள், ‘என்ன அண்ணாச்சி, டியூட்டிக்கா?’ என்று கேட்கிறார்களாம்.

போன வாரம் பேசினேன். பின்னால் தவளைச் சத்தம்.

“தம்பி, கீழ் பி ஃப்ளாட் வந்துட்டுது. கேக்குதீகளா?” என்று போனை ஒரு சாக்கு மூட்டை மேல் வைத்துவிட்டு ஊதினார். வந்தது. கீழே, தடித்து, கொஞ்சம் நடுங்கி. நான் எண்ணினேன். பதினொன்று வரைக்கும் போயிற்று.

“மதினி என்ன சொல்லுதாக?”

“அவ காலையில பம்ப்செட்டுக்கே காபி கொண்டாந்துட்டா. எத்தனை எண்ணுறேன்னு கூடவே எண்ணுதா பாத்துக்கிடுங்க. நேத்து ஒம்பதுலயே நின்னுட்டுதாம். ‘ராத்திரி சரியாச் சாப்புடலை’ன்னு ஏச்சு வேற.”